அவன் செமஸ்டர் ஃபீஸ்ல நீங்க ஸ்டார்ட்அப் விளையாடாதீங்க

போன வாரம், கென்யாவுல நான் பாடம் எடுக்கற காலேஜ்ல எக்ஸாம் ஆரம்பிச்ச அன்னைக்கு மூணாவது வருஷப் பையன் ஒருத்தன் என் ரூம் வாசல்ல வந்து நின்னான். ஃபீஸ் பாக்கி இருக்குன்னு ஹாலுக்குள்ள விடல. "ம்வாலிமு, யார்கிட்டயாவது பேசி கொஞ்சம் டைம் வாங்கித் தர முடியுமா"ன்னான். ம்வாலிமுன்னா சுவாஹிலில வாத்தியார். பணம் என்னடா ஆச்சுன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டான். அவங்கம்மா சாமால இருந்து எடுத்துக் குடுத்த பணம் அது, சாமான்னா நம்ம ஊர் சீட்டு மாதிரி பொம்பளைங்க சேர்ந்து மாசாமாசம் போடுறது. அந்தப் பணம் கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன், லோகோ, சர்வர், ப்ளே ஸ்டோர் அக்கவுண்டுக்கு 25 டாலர், பிட்ச் போட்டிக்கு, அதாவது பிசினஸ் ஐடியாவை மேடையில சொல்லிப் பரிசு வாங்கற போட்டிக்குப் போட்டுக்க ஒரு கோட்டுன்னு கரைஞ்சு போச்சு. போட்டியில ஜெயிக்கவும் இல்ல.

இந்த வருஷத்துல எனக்கு இது நாலாவது கேஸ். அதான் நம்ம ஊர்ல இருந்து இங்க வாலண்டியரா கோடிங், ஸ்டார்ட்அப் சொல்லித் தர வர்றவங்களுக்காக உக்காந்து எழுதுறேன், கோவம் தெரிஞ்சா தெரியட்டும்.

இதெல்லாம் அவனுக்கு யார் சொன்னதுன்னு பாத்தா, ரெண்டு வாரம் வாலண்டியரா வந்துட்டுப் போன நம்ம ஊர் ஐடி ஆள் ஒருத்தர். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்துலதான் வந்தார். ஏர்போர்ட்டுக்குப் போற வழியில எனக்கு போன் பண்ணி "அண்ணே, பசங்க செம ஷார்ப்புண்ணே, ஃபண்டிங் மட்டும் கெடைச்சா எங்கயோ போயிடுவாங்க"ன்னார். அவர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துட்டார். பையன் இங்கயே நிக்கிறான், எக்ஸாம் ஹால் வாசல்ல.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் என்னன்னா, "அங்க ஒண்ணுமே இல்ல, நாமதான் போய் ஆரம்பிச்சு வைக்கணும்"ங்கற நினைப்பு. சாமி, எம்-பெசா 2007 மார்ச்ல வந்துச்சு. பட்டன் போன்ல எஸ்எம்எஸ் மாதிரி பணம் அனுப்புறது. அப்ப நாம பேங்க்ல சலான் எழுதிட்டு பேனாவுக்கு அலைஞ்சுட்டு இருந்தோம், நம்ம யூபிஐ வந்ததே 2016ல. அந்த 2007 டிசம்பர் எலக்ஷனுக்கு அப்புறம் கென்யாவுல கலவரம் வந்தப்ப, எங்க என்ன நடக்குதுன்னு ஜனங்க எஸ்எம்எஸ்லயும் வெப்லயும் சொல்ல அதை மேப்ல போடுற உஷாஹிதின்னு ஒண்ணை சில நாள்ல எழுதிட்டாங்க இந்த ஊர் ஆளுங்க, அது 2010ல ஹைத்தி பூகம்பத்துக்கும் உதவுச்சு. அதுக்குப் பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தர்தான் 2010ல நைரோபியில ஐஹப்னு டெக் ஆளுங்க கூடி வேலை பாக்கற இடத்தை ஆரம்பிச்சார். ப்ரோக்ராமிங்கையும் பிசினஸையும் சேர்த்துச் சொல்லித் தர்றதும் புதுசு இல்ல. அமெரிக்காவோட எம்ஐடி மாணவங்க ஆப்பிரிக்காவுல ஏஐடிஐன்னு ஒரு திட்டத்தை 2000லயே ஆரம்பிச்சாங்க, கானாவுல அக்ராவுல மெஸ்ட்னு ஒரு ஸ்டார்ட்அப் பயிற்சிப் பள்ளி 2008ல இருந்து நடக்குது, அதுவும் பட்டம் முடிச்சவங்களை எடுத்து மாசக்கணக்குல பட்டறை போட்டு. ரெண்டு வாரத்துல இல்ல.

இன்னொண்ணு, ஆப்பிரிக்கா ஒரு ஊர் இல்லீங்க, 54 நாடு. போன்ல பணம் அனுப்ப கானாவுல ஓடுறது மோமோ, கென்யாவுல எம்-பெசா, எத்தியோப்பியாவுல காலண்டர்லயே 13 மாசம். நைரோபிக்கு செஞ்ச ஸ்லைடை அடிஸ் அபாபாவுல போட்டுக் காட்டாதீங்க.

சரி, பையன் என்ன ஆப் செஞ்சான்னா, மாமா ம்போகாங்களுக்கு டெலிவரி ஆப். மாமான்னா இங்க அம்மா, நம்ம மாமா இல்ல. தெரு முக்குல காய்கறி விக்கிற அக்காங்க. நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் யூஸ் பண்றாங்க? மூணு. அவங்கள்ல ஸ்மார்ட்போன் எத்தனை பேர்கிட்ட? ஒருத்தங்ககிட்ட, அதுவும் பொண்ணோடது. மத்த ரெண்டு பேர்கிட்டயும் கபாம்பே, அதாவது டார்ச் லைட் வச்ச பட்டன் போன்.

அந்த அக்கா விடியக்காலைல இருட்டோட மரிகிட்டி சந்தைக்குப் போய் சுகுமா விக்கி கீரை வாங்கிட்டு வந்து, கேக்கறவங்களுக்குப் பொடியா நறுக்கியும் குடுப்பாங்க. (சுகுமா விக்கின்னா "வாரத்தைத் தள்ளு"ன்னு அர்த்தம், சம்பளம் வர்ற வரைக்கும் இதை வச்சு ஓட்டுறதாம், என்ன ஒரு பேரு!) அவங்க கஸ்டமர் எல்லாரும் நூறு அடிக்குள்ள இருக்கறவங்க. டெலிவரி யாருக்கு வேணும்? அவங்களுக்கு உண்மையான தலைவலி கடன். யார் எவ்ளோ பாக்கின்னு பழைய நோட்டுல எழுதி வச்சு, அந்த நோட்டும் மழையில நனைஞ்சு போச்சு. அவன் நாலு மாசம் கோட் எழுதியிருக்கான், அந்த முக்குல ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து பாக்கல. உக்காரச் சொல்லி யாரும் சொல்லலையே, பிட்ச் டெக்ல மார்க்கெட் சைஸ் ஸ்லைடு எப்படிப் போடறதுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க.

கோடிங் பக்கமும் இதே கதைதான். எம்-பெசாவோட ஏபிஐ, அதாவது நம்ம ஆப்பை எம்-பெசாவோட இணைக்கற வழி, அதோட பேரு தராஜா, சுவாஹிலில பாலம்னு அர்த்தம். நம்ம சர்வர் ரிக்வெஸ்ட் அனுப்புனா கஸ்டமர் போன்ல பின் கேட்டு ஒரு பாப்அப் வரும். ரிக்வெஸ்ட்டுக்கு உடனே பூஜ்யம்னு ஒரு பதில் வரும் பாருங்க, அதுக்கு "உன் ரிக்வெஸ்ட்டை வாங்கிக்கிட்டேன்"னு மட்டும்தான் அர்த்தம், பணம் வந்துச்சுன்னு இல்ல. பணம் வந்துச்சா, கஸ்டமர் கேன்சல் பண்ணாரா, பேலன்ஸ் இல்லையாங்கறதெல்லாம் அப்புறமா கால்பேக்ல, அதாவது எம்-பெசா நம்ம சர்வருக்குத் திருப்பி அனுப்பற தகவல்ல வரும். நான் பாக்குற பத்துல எட்டு ப்ராஜெக்ட்ல பூஜ்யத்தைப் பாத்தவுடனே "பேமென்ட் சக்சஸ்"னு பச்சை டிக் போட்டு வச்சிருக்காங்க. இவன் ஆப்லயும் அப்படித்தான், ஒரு அக்காவுக்கு ரெண்டு நாள் கீரை போச்சு. இதை நான் கிளாஸ்ல பிசினஸ் பாடமாத்தான் எடுக்கறேன், கைதட்டு வாங்கறதும் காசு வாங்கறதும் வேற வேறடான்னு.

டைம் விஷயம் ஒண்ணு சொல்லிடறேன், எனக்குப் புடிச்ச பக் (ப்ரோக்ராம்ல வர்ற தப்பு). சுவாஹிலி கடிகாரம் விடியல்ல இருந்து எண்ணும், காலைல ஏழு மணிதான் "சா மோஜா", அதாவது ஒரு மணி. "சா தாட்டு"ன்னு ஒரு அம்மா சொன்னா காலைல ஒன்பது, மூணு இல்ல. ரிமைண்டர் எஸ்எம்எஸ் ஆப் எழுதுன ஒரு பொண்ணு இதை அவளே கண்டுபுடிச்சு ஒரு செட்டிங் வச்சா, வெளியூர்ல இருந்து வந்த எந்த மென்டரும் இதைக் கேட்டதே இல்ல.

அப்ப என்ன பண்றது? வர்றவங்க முதல் மூணு நாள் லேப்டாப்பைத் திறக்காதீங்க. பசங்களை ரெண்டு ரெண்டு பேரா அனுப்பி ஒரு கடை, ஒரு போடா போடா (பைக் டாக்ஸி) ஸ்டாண்டு, ஒரு மெக்கானிக் ஷெட்டுல உக்கார வைங்க, "இதுக்கு நீங்க வாரம் எவ்ளோ குடுப்பீங்க"ன்னு வாய்விட்டுக் கேக்க வைங்க, கேக்க வெக்கப்படுவாங்க, பரவால்ல. முதல்ல யூஎஸ்எஸ்டி சொல்லிக் குடுங்க, அதாவது ஸ்டார், ஹேஷ் போட்டு டயல் பண்ணா நெட் இல்லாமலே போன்ல மெனு வர்றது, ஆப் எல்லாம் அப்புறம். ஒரு ஸ்க்ரீனுக்கு 182 எழுத்துதான், அதுக்குள்ள ஒரு மெனுவை அடக்கறவன் டிசைன் கத்துக்கிட்டான், அது கபாம்பேலயும் ஓடும். நெட்டை நம்பி வராதீங்க, இங்க டேட்டா பண்டில் எல்லாம் பசங்க சொந்தக் காசு, கிளாஸ்ல முப்பது பேரையும் ஒரே நேரத்துல அதே பேக்கேஜை டவுன்லோட் பண்ண வைக்கறது அநியாயம், பென்டிரைவ்ல போட்டுக் கொண்டாங்க.

பாஸ்வேர்டு மாதிரி இருக்கற தராஜா சீக்ரெட் கீயை கிட்ஹப்ல, அதாவது கோடைப் போட்டு வைக்கற சைட்ல, ஏத்தறவனை அங்கயே நிறுத்துங்க. கஸ்டமர் நம்பரை வாட்ஸ்அப் குரூப்ல ஷேர் பண்றதையும். கென்யாவுல 2019ல இருந்தே டேட்டா பாதுகாப்புச் சட்டம் இருக்கு, "ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்தானே"ங்கறது பதில் இல்ல. எவனாவது ப்ரைஸ் மணிக்கு முன்னாடி ஷேர் எழுதிக் குடுன்னு பேப்பர் நீட்டுனா, வக்கீல் பாக்காம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு கிளாஸ்ல போர்டுலயே எழுதுங்க.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள், கோவமெல்லாம் இல்ல, கெஞ்சித்தான் கேக்கறேன். "காலேஜை விட்டவங்கதான் பெரிய ஆளானாங்க"ங்கற கதையை இங்க வந்து சொல்லாதீங்க. அந்தக் கதையில வர்றவனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்துச்சு. இங்க ஒருத்தன் படிச்சு முடிப்பான்னு நம்பி பின்னாடி ஒரு சாமாவே உக்காந்திருக்கு. வேலைக்குப் போறதும் தோல்வி இல்ல. என்கிட்ட படிச்சதுல ரொம்ப நல்லா இருக்கற பசங்க சிலர் மூணு வருஷம் யார்கிட்டயோ டெவலப்பரா இருந்துட்டு அப்புறம்தான் சொந்தமா ஆரம்பிச்சாங்க.

பையன் விஷயம், பாதி ஃபீஸை தவணையா கட்டிக்கலாம்னு ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க, தவறுன பேப்பரை அடுத்த தடவை எழுதுவான். கீரை போன அக்காவுக்கு அவன் கைக்காசுல குடுத்துட்டான். அவங்களே இப்ப கடன் நோட்டை போன்ல போட்டுக் குடுப்பியா, வாரம் 50 ஷில்லிங் தர்றேன்னு கேட்டிருக்காங்க. இப்ப யூஎஸ்எஸ்டில எழுதிட்டு இருக்கான், போட்டிக்கு வாங்குன கோட்டை வித்துட்டான்.

ஆகஸ்ட்ல வர்றவங்க கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. டி-ஷர்ட்டு ஸ்டிக்கரெல்லாம் வேணாம், லக்கேஜ்ல இடம் இருந்தா பழைய பட்டன் போன் நாலஞ்சும் லேப்டாப் சார்ஜரும் எடுத்துட்டு வாங்க, எங்க லேப்ல சார்ஜர்தான் எப்பவும் பத்தல.