தெர்மோஸ்டாட்: சூட்டை நிற்க வைப்பது

குளிரில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அறை எத்தனை டிகிரி சூடாக வேண்டும் என்று குறிக்கும் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் குமிழை 20-இலிருந்து 30-க்குத் திருகிவிடுவது, பிரிட்டனில் குடியேறிய புதிதில் எனக்கு இருந்த பழக்கம். சீக்கிரம் சூடாகும் என்ற நம்பிக்கை. ஆகாது. வீட்டைச் சூடாக்கத் தண்ணீரைக் காய்ச்சும் வழக்கமான பாயிலர் 20 டிகிரியை எட்ட எடுக்கும் நேரம் எப்படியும் அதேதான். திருப்பிக் குறைக்க மறந்தால், அதற்கு மேலும் எரிவாயு வீணாக எரியும்.

அந்தக் குமிழின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. கிரேக்கத்தில் 'தெர்மோஸ்' என்றால் சூடானது, 'ஸ்டாடோஸ்' என்றால் நிற்பது. ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் 1830-இல் இந்தப் பெயரில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது. சூடேறினால் ஒன்று கூடுதலாக நீள, பட்டை வளையும். அந்த வளைவே கருவியை இயக்கும். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், 1883-இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சூட்டைப் பார்க்கப் பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் வந்துபோவதைத் தவிர்க்கத்தான் அவர் இதில் இறங்கினார்.

பழைய குமிழ் இருந்தால் குறைந்த எண்ணிலிருந்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். 'டிக்' என்று கேட்கும் இடம், ஏறக்குறைய இப்போதைய அறைச்சூடு.

தமிழில் என்ன சொல்வது? 'வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி' என்றால் தண்ணீர்க் குழாய்போல் கூட்டிக் குறைக்கிற எதற்கும் பொருந்திவிடும். என் தேர்வு 'வெப்பநிலைநிறுத்தி'. வெப்பநிலையை நிறுத்துவது என்றும் பிரிக்கலாம், வெப்பத்தை நிலைநிறுத்துவது என்றும் பிரிக்கலாம், இரண்டும் சரி. 'நிறுத்து' என்பதற்குத் தடுப்பது, நிற்கச் செய்வது என இரு பொருள் உண்டல்லவா? இந்தக் கருவி பாயிலரை நிறுத்துகிறது, அதனால் சூடு நிற்கிறது. பேச்சில் 'வெப்பநிறுத்தி' போதும்.

பாயிலரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வும் ஒரு வெப்பநிறுத்திதான். அந்த எண்கள் டிகிரி அல்ல. சுவர்க் குமிழ் இருக்கும் அறையில் மட்டும் இந்த வால்வை முழுதாகத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் வால்வு முந்திக்கொண்டு 18 டிகிரியில் ரேடியேட்டரை அடைத்துவிடும். 20-க்குக் காத்திருக்கும் சுவர்க் குமிழோ பாயிலரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.