‘ஆய் வருது’ என்று குழந்தை சொல்வதற்கு முன்

இரண்டரை வயதுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருக்கின்றன, தொடைகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன, முகம் சிவந்து பார்வை ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. குழந்தை முக்குகிறது என்று எண்ணி வீட்டிலுள்ளவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுகிறார்கள்; அங்கே உட்கார வைத்தால் ஒன்றும் வருவதில்லை. பெரும்பாலும் அந்த நிலையில் குழந்தை முக்குவதில்லை, வருவதை அடக்கிக்கொண்டிருக்கிறது.

கழிப்பறைப் பழக்கம் என்று நாம் சொல்வதில் குழந்தை கற்கவேண்டிய செயல்கள் இரண்டு இருக்கின்றன. வருவதை உணர்ந்து சற்று நேரம் அடக்குவது ஒன்று. உரிய இடத்துக்கு வந்தபின் தசையைத் தளர்த்தி விடுவது மற்றொன்று. பெற்றோராகிய நாம் முதலாவதைப் பற்றித்தான் பெரிதும் கவலைப்படுகிறோம். ஆனால் கடினமானது இரண்டாவதே என்பதும், பல வீடுகளில் கண்ணீரும் கோபமும் எழுவது அந்த இடத்தில்தான் என்பதும் என் உறுதியான எண்ணம்.

சிறுநீர்ப்பையின் வாயைச் சுற்றி, பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப் பையின் கயிற்றைப் போல, சுருக்குத் தசைகள் அமைந்திருக்கின்றன. அவற்றில் உட்புறத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது, வெளிப்புறத் தசை கட்டுப்படும். பை நிரம்பி அதன் சுவர் விரியும்போது அந்தச் செய்தி நரம்புகள் வழியே தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைத்தண்டுக்கும் செல்கிறது. பையைச் சுருங்கச் செய்து, அதே வேளையில் வாயைத் தளரச் செய்யும் கட்டளை மூளைத்தண்டில் பான்ஸ் எனப்படும் பகுதியிலிருந்து வருகிறது. 1925-இல் பூனைகளிடம் சோதனை செய்து இதைக் காட்டியவர் பாரிங்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். வளர்ந்தவர்களிடம், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி, தக்க இடமும் நேரமும் வாய்க்கும்வரை இந்தக் கட்டளையை நிறுத்தி வைக்கிறது. பச்சிளங்குழந்தையிடம் அந்தத் தடை இன்னும் உருவாகியிருப்பதில்லை. அதனால்தான் அதன் துணி நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முறை நனைகிறது.

குழந்தை வளர வளரப் பையும் பெரிதாகிறது. வயதோடு இரண்டைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் பையின் கொள்ளளவு உத்தேசமாக மில்லி லிட்டரில் கிடைக்கும் என்பது மருத்துவர்கள் கையாளும் கணக்கு. அதன்படி 2 வயதில் 120 மில்லி, அதாவது ஒரு சிறிய காபி டம்ளர் அளவு. பகலில் தொடர்ந்து 2 மணி நேரம் ஜட்டி நனையாமல் இருந்தால் பழக்கத் தொடங்கலாம் என்று சொல்வதற்கு அடிப்படை, பையும் நரம்பும் இந்த அளவுக்கு வளர்ந்திருப்பதுதான்.

மலக்குடலின் கதை இன்னும் நுட்பமானது. மலம் வந்து சேர்ந்து குடற்சுவர் விரிந்ததும், ஆசனவாயின் உட்புறச் சுருக்குத் தசை தானாகவே சிறிது தளர்கிறது. வந்திருப்பது காற்றா, நீரா, கெட்டியா என்பதை அங்குள்ள நரம்புகள் தொட்டு அறிகின்றன. அந்த வேளையில் வெளிப்புறத் தசையைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்தால், குடற்சுவர் நெகிழ்ந்து இடம் கொடுத்துவிடும், வந்த உணர்வும் அடங்கிவிடும். இந்த உபாயத்தைக் குழந்தைகள் மிக விரைவில் கண்டுபிடித்துவிடுகின்றன. ஒருமுறை மலம் இறுகி வலித்திருந்தால் போதும், அடுத்த முறை வலிக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் போய் நிற்கும். அடக்க அடக்க, உள்ளே தங்கிய மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது மேலும் கெட்டியாகிறது. கெட்டியானது வெளியேறும்போது மேலும் வலிக்கிறது. அந்த வலி மறுபடியும் அடக்கச் செய்கிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கி, கெட்டியான மலத்தின் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படுகிறது. குழந்தைக்கு அது தெரிவதே இல்லை, ஆனால் திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கிறது. வீங்கிய மலக்குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால், ஜட்டியில் சிறுநீர் போவதும் கூடுகிறது. ஆகவே மலச்சிக்கல் இருக்கும் குழந்தைக்கு முதலில் அதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யவேண்டும். பழக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இறுக்குவதற்கு எண்ணினால் போதும், ஆனால் தளர்த்துவதற்கு மனமும் உடலும் அமைதியாக இருக்கவேண்டும். அச்சத்திலும் பதற்றத்திலும் இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகுகின்றன. எதிரே நின்றுகொண்டு “போ, போ, சீக்கிரம் போ” என்று அதட்டும்போது, நாம் திறக்கச் சொல்லும் வாயை நம் குரலே மூடிவிடுகிறது.

நம் வீடுகளில் டயப்பர் வருவதற்கு முன்பு இருந்த முறையை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும். கழுத்து நின்ற குழந்தையைப் பாட்டி தன் நீட்டிய கால்களின் மேல், பாதங்களுக்கு இடையே குந்த வைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்புவார். சிறுநீர் வரும் நேரத்தில் அந்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைக்கு, பிறகு ஒலியே தூண்டுதலாகிவிடுகிறது. உணவோடு சேர்த்து மணியோசை கேட்டுப் பழகிய, ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் நாய்க்கு, பிறகு ஓசை கேட்டதுமே எச்சில் ஊறியதும் இவ்வகைக் கற்றல்தான். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் வாழும் டிகோ மக்கள் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இத்தகைய முறையைத் தொடங்கி, ஐந்தாறு மாதங்களில் பெரும்பாலும் நனையாத நிலையை எட்டுவதாக 1977-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. அந்த வயதில் குழந்தை தானாகப் போய் உட்காருவதில்லை, நேரத்தையும் முகக்குறிப்பையும் அறிந்து வைத்திருப்பவர் தாயே. ஆனாலும் தளர்த்தும் பாடத்தைக் குழந்தை பாதுகாப்பான மடியில் முதலிலேயே கற்றுவிடுகிறது; இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

டயப்பர் அந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுகிறது. அதிலுள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் தம் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கிவிடுவதால், ஈரம் தோலில் தங்குவதில்லை; உள்ளே எழுந்த உணர்வையும் வெளியே வந்த நீரையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு குழந்தைக்குக் குறைகிறது. என் மகளுக்கு டயப்பரை நிறுத்திப் பருத்தி ஜட்டி போட்ட முதல் நாள், கூடத்தில் நின்றபடியே, கால் வழியாக இறங்கிய சூட்டை அவள் குனிந்து பார்த்த வியப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது தன்னிடமிருந்து வருகிறது என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-இல் 1,170 குழந்தைகளைப் பற்றிய பதிவுகளை வெளியிட்டார். குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருந்து பழக்கிய அக்குழந்தைகள், பகலில் நனையாதிருக்கும் நிலையைச் சராசரியாக 28 மாதங்களைச் சற்றே கடந்த வயதில் அடைந்தன. இரவு வேறு கணக்கு. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனும், பை நிரம்பியதும் விழிக்கும் திறனும் உடல் வளர்ச்சியைப் பொறுத்தவை என்பதால், 5 வயதுக்குள் படுக்கை நனைவதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடியதில் முதன்மையானது நேரத்தைத் தேர்வது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், காலை உணவு முடிந்து 15 முதல் 30 நிமிடங்களுக்குள் உட்கார வைப்பது உடலின் போக்கோடு ஒத்துப்போகும். குந்தும்போது, மலக்குடலை முன்னோக்கி இழுத்து மடக்கி வைத்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. வெஸ்டர்ன் கழிப்பறையில் கால்கள் அந்தரத்தில் தொங்கும் குழந்தைக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. முழங்கால் இடுப்பைவிட உயரும்படி பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலியோ மணையோ வைத்தால் போதும். ஐந்து நிமிடங்களில் வராவிட்டால் எழுப்பிவிடலாம்.

சில குழந்தைகள் சிறுநீருக்குக் கழிப்பறை போய்விட்டு, மலத்துக்கு மட்டும் டயப்பர் கேட்டு அழும். அந்நேரம் கொடுக்க மறுத்தால் அவை அடக்கத் தொடங்கும், மேலே சொன்ன சுழல் ஆரம்பித்துவிடும். கேட்டால் போட்டுவிடுங்கள், ஆனால் கழிப்பறைக்குள் நின்று போகச் சொல்லுங்கள். சில நாள் கழித்து அதே டயப்பரோடு குழந்தைகளுக்கான சிறு கழிப்பு இருக்கையில் உட்காரட்டும். பிறகு டயப்பரின் ஒட்டுப்பட்டைகளைத் தளர்த்தி, கடைசியில் அதை இருக்கைக்குள் விரித்து வையுங்கள். என் மகளுக்கு இதற்கு மூன்று வாரங்கள் ஆயின. நான்காவது வாரம் அவளே டயப்பரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.