குறைபாடா, வழுவா?

போன மாதம் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பையன் ஒருவன் மீக்கடத்திகளை, அதாவது மிகக் குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்களைப் பற்றித் தமிழில் பேசினான். "கட்டமைப்புக் குறைபாடுகள் இருந்தால்தான் நிறைய மின்சாரம் தாங்கும்" என்றான். பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏந்தம்பி, குறைபாடு இருந்தா நோய்தானே வரும்? ரத்தக் குறைபாடு மாதிரி?" பையன் விழித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'டிஃபெக்ட்' என்றால் உடனே 'குறைபாடு' என்று எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர்களைத்தான் சொல்லவேண்டும்.

'டிஃபெக்ட்' லத்தீனில் குன்றிப்போவதைக் குறித்த சொல். ஆனால் படிகவியலில் அதன் பொருள் வேறு: அணுக்களின் ஒழுங்கு எங்கே பிசகினாலும் அது டிஃபெக்ட். ஓர் அணு இல்லாமல் போகலாம், கூடுதலாக ஒன்று நுழையலாம், அடுக்கு நழுவலாம். கூடுதலாக வந்ததைப் போய்க் குறைபாடு என்பதா? சிலர் 'பழுது' என்கிறார்கள். பழுது என்றால் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இங்கே அறிவியலாளர்களே வேண்டுமென்று பிசகைப் புகுத்துகிறார்கள்.

1987இல் கண்ட இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது மீக்கடத்தியாவது சுமார் 92 கெல்வினில், அதாவது செல்சியஸில் சுழிக்குக் கீழே 181 பாகையில். (இதற்கு 'உயர் வெப்பநிலை' என்று பெயர்! 1911இல் பாதரசம் கேட்ட 4 கெல்வினோடு ஒப்பிட்டால் உயர்வுதான். இந்த ஆக்சைடைப் 'பீங்கான்' வகை என்பதும் இடிக்கிறது. மலாய்க்காரரின் பிங்கான் தட்டை நினைப்பவருக்கு இந்தக் கறுப்புக் கட்டி எப்படி விளங்கும்?) காந்தப்புலம் இதற்குள் சின்னச் சின்னச் சுழல்களாக நுழையும். மின்னோட்டம் பாய்ந்தால் சுழல்கள் நகரும்; நகர்ந்தால் ஆற்றல் வீண். செம்பனைக் காட்டில் மேயவிட்ட மாட்டை முளையடித்துக் கட்டுவதுபோல, படிகத்தின் பிசகுகள் அந்தச் சுழல்களைப் பிடித்து நிறுத்துகின்றன.

எல்லாப் பிசகும் நல்லதல்ல. பக்கத்துப் பக்கத்துப் படிகத் துகள்கள் பத்துப் பாகைக்கு மேல் திரும்பி நின்றால், எல்லையைத் தாண்டும் மின்னோட்டம் வெகுவாக விழுந்துவிடும்.

இரண்டையும் தாங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: வழு. வழுவுதல் என்றால் இடம் தவறுதல்; அணு செய்வதும் அதுதான். இலக்கணத்தில் வழுவும் உண்டு, வழுவமைதியும் உண்டு. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழுதான். ஆனாலும் அன்பினால் சொன்னது என்று ஏற்கிறோம். சுழலைப் பிடிக்கும் வழுவை இப்படியே வழுவமைதி எனலாமே! கணினிக்காரர்கள் வழுவை நிரல்பிழைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு தடையா? தலை என்ற சொல் எத்தனை இடத்தில் வேலை செய்கிறது!

பையனின் கட்டுரையை வாங்கி ஒன்பது இடங்களில் 'வழு' என்று திருத்தினேன். அந்த ஆக்சைடின் வாய்பாட்டில் ஆக்சிஜன் அணுக்கள் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தால் மீக்கடத்தலே போய்விடும் என்று எழுதியிருந்தான். அங்கே மட்டும் 'குறைபாடு' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.