தெளிந்த தண்ணீரை நம்பிப் பிள்ளைகளை இறக்காதீர்கள்

ஆடி, ஆவணி வந்தால் ஏ9 வீதியோர விடுதிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். பாடசாலை விடுமுறை ஒரு பக்கம், கனடா, லண்டன் என்று வந்திறங்கும் உறவுகள் இன்னொரு பக்கம். நீச்சல் தடாகம் உள்ள விடுதி என்றால் காலை பத்து மணிக்கே வாசலில் இரண்டு மூன்று ஹையேஸ் நிற்கும். வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிற எனக்கு, டெங்குக் காலத்துக்கு அடுத்தபடியாக மனம் பதறுவது இந்த மாதங்களில்தான்.

அப்படி ஒரு விடுமுறைத் தொடக்கத்தில் ஒரு விடுதிக்குப் பரிசோதனைக்குப் போனேன். தடாகம் பார்க்க அழகு. அடி தெரிகிற தண்ணீர். பராமரிக்கிற தம்பி கொப்பியை எடுத்துத் தந்தார். காலையும் மாலையும் குளோரின் 2, தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். 7.4. ஒரு நாள்கூட மாறவில்லை. பக்கத்தைத் திருப்பினால், வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே எண்கள் அதே நீலப் பேனையால் எழுதி முடிந்திருந்தன. அன்று வியாழக்கிழமை.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "ஆரும் வந்து கேட்டால் காட்ட ஒரு கொப்பி வேணும் எண்டு சொன்னவை சேர்" என்றார். சோதிக்கிற பெட்டியை யாரும் அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கவில்லை. என் பெட்டியைத் திறந்து, முழங்கை ஆழத்தில் இருந்து தண்ணீர் எடுத்து, டி.பி.டி. மாத்திரையைப் போட்டேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. குளோரின் அளவுக்கு மிஞ்சி இருந்தாலும் அந்த நிறம் வெளிறிப்போகும் என்பதால், நல்ல தண்ணீர் கலந்து ஐதாக்கி மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை. பி.எச். குழாய் மட்டும் கடும் சிவப்பாகி 8ஐத் தாண்டி நின்றது.

இது அந்த விடுதியில் மட்டும் உள்ள குறை இல்லை. வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். எங்கள் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் அப்படிப்பட்டது. அதைத் தடாகத்தில் நிரப்பி ஓடவிட்டால் பி.எச். மெல்ல மெல்ல ஏறும். கிணற்றுக்குப் போடுகிற டி.சி.எல். என்ற குளோரின் பவுடரையே தடாகத்துக்கும் போட்டால் இன்னும் ஏறும், தண்ணீரும் பால்போலக் கலங்கும். பி.எச். ஏறினால் என்ன என்று கேட்பார்கள். கிருமியைக் கொல்வது குளோரினின் ஒரு வடிவம் மட்டும்தான். பி.எச். 7.5இல் போட்டதில் ஏறத்தாழ பாதி அந்த வடிவத்தில் இருக்கும். 8இல் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 8.5இல் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. முதலாளி காசு கொடுத்து வாங்கிய பவுடர் தண்ணீரில் சும்மா கிடக்கும். அதனால்தான் 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்கிறோம். வேறெதனோடும் சேராமல் இருக்கிற சுதந்திரக் குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். இங்கத்தைய வெயில் வேறு குளோரினைத் தின்றுவிடும். காலை எட்டு மணிக்கு 2 இருந்த தடாகத்தில் மதியம் சோதித்தால் 0.3கூடத் தேறாத நாட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் நிறைந்து நிற்பார்கள்.

அளவும் சொல்லிவிடுகிறேன், குத்துமதிப்பாக அள்ளிக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். 1 இலட்சம் லீற்றர் தண்ணீரில் குளோரினை லீற்றருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 100 கிராம் குளோரின் வேண்டும். வாங்குவது 65 சதவீதப் பவுடர் என்றால் ஏறத்தாழ 155 கிராம். தகரக் கொட்டிலுக்குள் வாய் திறந்து கிடந்த பவுடர் என்றால் அந்தக் கணக்கும் சரிவராது, வெக்கையில் அதன் வலு போய்விடும்.

"குளோரின் மணக்குது, அப்ப தண்ணி சுத்தம்தான்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் நின்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். மூக்கைக் குத்துகிற அந்த மணமும் பிள்ளையின் கண் சிவப்பதும், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினால் வருவது. நன்றாகப் பராமரிக்கிற தடாகம் அப்படி மணக்காது. இறங்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டு ஒரு நிமிடம் குளித்தாலே இதில் பெரும்பங்கு குறையும். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையைத் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். சரியான குளோரினில் ஈகோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் சாகும். வயிற்றோட்டம் தருகிற கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதே தண்ணீரில் பத்து நாள் உயிரோடு கிடக்கும்.

கிருமி ஒரு பக்கம் இருக்கட்டும். தடாகத்தில் நான் முதலில் தேடுவது அடியில் உள்ள உறிஞ்சு குழாயின் மூடியைத்தான்.

குளத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்க வைக்கத் தேவையில்லை. இரணைமடுவோ வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ, தண்ணீர் திறந்திருக்கும்போது அது வெளியேறுகிற மதகான துரிசுப் பக்கம் நீந்தாதே என்று எங்கள் அப்பு, ஆச்சி சொல்லித்தான் குளத்தில் இறங்க விட்டார்கள். மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், கீழே இழுக்கும். தடாகத்தின் அடியில் இருப்பதும் ஒரு துரிசுதான், பம்ப் பூட்டிய துரிசு. ஒரு சாண் அகலத் துளையில் ஒரு பிள்ளையின் வயிறோ முதுகோ படிந்து அடைத்துவிட்டால், வளியமுக்கத்தின் பாதியளவு உறிஞ்சலே 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகப் பிடித்துக்கொள்ளும். நீளத் தலைமுடி உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டாலும் மீள முடியாது.

அமெரிக்காவில் 2002இல் வெர்ஜினியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுப் பிள்ளை வெந்நீர்த் தொட்டி ஒன்றில் இப்படித்தான் இறந்தது. முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. தாய் இறங்கி இழுத்தும் முடியவில்லை, இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்ததில் மூடியே உடைந்தது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. அதன் பிறகு பொதுத் தடாகங்களில் உடலை உறிஞ்சிப் பிடிக்காத மூடி கட்டாயம்.

நான் சொன்ன அந்த விடுதியில் மூடியின் நாலு ஆணிகளில் இரண்டைக் காணவில்லை. "நெடுகக் கழருது சேர், கட்டுக்கம்பியால இறுக்கிக் கட்டியிருக்கிறன்" என்றார் தம்பி. கம்பி துருவேறி, நீல ஓட்டில் மண்ணிறக் கறையாக வழிந்திருந்தது. பம்பை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னேன். நிறுத்துகிற சுவிட்ச் எங்கே என்று கேட்டால், கட்டடத்துக்குப் பின்னால் பூட்டிய அறைக்குள். திறப்பு முகாமையாளரிடம், அவர் வவுனியாவுக்குப் போயிருந்தார். ஒரு பிள்ளை மாட்டியிருந்தால், அன்று யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பிரதான கரண்டை வெட்டித்தான் பம்பை நிறுத்தினோம்.

அவர்கள் தடாகத்தை மூடி, குறைந்தது 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு உறிஞ்சு வாய்கள் வைத்து, சுவிட்சைக் கரைக்குக் கொண்டு வந்து, அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். செலவுதான். ஆனால் செய்தார்கள். அப்புறம் போனபோது கொப்பியையும் பார்த்தேன். 1.8, 0.9, 2.4 என்று எண்கள் மாறி மாறி இருந்தன. ஓரிடத்தில் "மத்தியானம் 2 மணி, 0.4, ஆக்களைக் கரைக்கு ஏத்தினது" என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

ஜக்குசி என்கிற, குமிழி கிளம்பும் சுடுதண்ணீர்த் தொட்டிகளும் இப்போது ஒன்றிரண்டு விடுதிகளில் வந்துவிட்டன. இளஞ்சூட்டில் குளோரின் சீக்கிரம் பறக்கும், லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். குமிழி கிளப்புகிற நுண்ணிய நீர்த்துளிகளோடு அவை நுரையீரலுக்குள் போகும். ஆகவே குளோரினும் சோதனையும் தடாகத்தைவிடக் கூட வேண்டும், தண்ணீரை அடிக்கடி முழுதாக மாற்ற வேண்டும், சூடு 40 பாகையைத் தாண்டக் கூடாது. தடாகத்துக்குப் போடுகிற மருந்துகளை அறையில் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். குளோரின் பவுடரும் பி.எச்.ஐக் குறைக்கிற அமிலமும் ஒரே தட்டில் வேண்டாம், ஒரே பேணியால் அள்ளவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. போனதும் கரையில் நின்று ஆழமான பக்கத்து அடி மூடியைப் பாருங்கள். அதன் ஓட்டைகள் தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால் இறக்காதீர்கள். அடி தெரியாத தண்ணீரில் தாழ்ந்த பிள்ளையும் தெரியாது. பம்ப் சுவிட்ச் எங்கே, இன்றைக்குக் குளோரின் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். தண்ணீரைப் பார்த்தபடி இருப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் கரையில் இல்லை என்றால், அந்த ஆள் நீங்கள்தான், கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள். தண்ணீரில் தாழ்கிற பிள்ளை கத்தாது, கை காட்டாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் கீழே போய்விடும்.

எடுத்தவுடன் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இங்கே இன்னும் நடக்கிறது. அதில் போகிற நேரம் உயிர் போகிற நேரம். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடருங்கள். ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் அம்புலன்ஸ் சேவையின் 1990க்கு அழைக்கட்டும்.