ஆசன்னம், அண்ணளவு, உத்தேசம்

கல்லடியில் நடந்த ஒரு பாடசாலைக் கணிதக் கண்காட்சியில், மாணவர் ஒருவர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளில், "ஆரியபட்டர் பையின் பெறுமானத்தை 3.1416 என உத்தேசித்தார்" என்ற வரியைப் படித்தேன். பை என்பது வட்டத்தின் சுற்றளவாகிய பரிதியை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் எண். பிள்ளையின் மீது குறையில்லை. அவருக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு அப்படி இருந்திருக்கிறது. ஆனால் பண்டைய நூல்களில் பை என்ற பேச்சு எழும் இடமெல்லாம், மாலை வகுப்புக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் கோயில் மண்டபச் சொற்பொழிவுகளிலும், "உத்தேசப் பெறுமானம்" என்ற தொடரையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டபடியால் இதை எழுதுகிறேன்.

நமக்குரிய சொல் அண்ணளவு. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்மை, அண்டை, அணுகு என்பன அதன் சுற்றம். உண்மை அளவை நெருங்கி நிற்கும் அளவு அண்ணளவு. அவ்வளவுதான் அதன் பிறப்பு.

கி.பி. 499இல் இந்தியக் கணிதவியலாளர் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயம், நூற்றோடு நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்தீராயிரத்தைச் சேர்த்தால், விட்டம் 20,000 ஆகவுள்ள வட்டத்தின் பரிதி "ஆசன்னமாக" வரும் என்கிறது. 62,832ஐ 20,000ஆல் வகுத்தால் 3.1416. ஆசன்னம் என்ற வடசொல்லின் பொருளும் நெருங்கியது என்பதே. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கேரளத்து நீலகண்ட சோமயாஜி தமது உரையில் இந்த ஒரு சொல்லின் முன் நின்று, உண்மையான அளவைக் கூறாமல் ஆசன்னத்தை ஏன் கூறினார் என்று கேட்கிறார். விட்டத்தை மீதியின்றி அளக்கும் எந்த அலகும் பரிதியை அளக்கும்போது மீதி வைக்கும், அலகை எவ்வளவு சிறிதாக்கினாலும் மீதி சிறுக்குமேயன்றி மறையாது என்பது அவர் தரும் விடை. பை ஒரு விகிதமுறா எண், அதாவது இரு முழுவெண்களின் பின்னமாக எழுத இயலாத எண், என்பதற்கு நிறுவல் கிடைத்தது 1761இல், ஐரோப்பியக் கணிதவியலாளர் லாம்பேட்டின் கையால். அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் உரையாசிரியரை இவ்வளவு தூரம் சிந்திக்க வைத்த சொல்லைத்தான் நாம் "உத்தேசித்தார்" என்று தட்டிக் கழிக்கிறோம்.

உத்தேசம் என்ற சொல் நம்மிடையே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். "ஊருக்குப் போக உத்தேசித்திருக்கிறேன்" என்றால் எண்ணம். "உத்தேச சட்டமூலம்" என்று செய்தித்தாள் எழுதினால், இன்னும் நிறைவேறாத, முன்மொழியப்பட்ட சட்டமூலம். "கூட்டத்துக்கு உத்தேசமாக இருநூறு பேர் வருவார்கள்" என்றால் கண்மதிப்பு. இம்மூன்றில் எதை எடுத்து ஆரியபட்டரின் வரியில் வைத்தாலும் பொருள் கெடுகிறது: அவர் 3.1416 என்று சொல்ல எண்ணியிருந்தார் என்றோ, அங்கீகாரத்துக்காக முன்வைத்தார் என்றோ, கண்ணால் பார்த்துச் சொன்னார் என்றோதான் வாசிப்பவர் கொள்ள முடியும். வடசொல் என்பதற்காக நான் இதை விலக்கவில்லை. விகிதமும் வடசொல்தான், அதை நாள்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். தெளிவு கெடுகிறதே என்பதுதான் வருத்தம். உத்தேசத்துக்கு எல்லை கிடையாது. இருநூறு என்றவரிடம் முந்நூறு பேர் வந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பண்டைய கிரேக்கத்து ஆக்கிமிடிசோ வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கப் பல்கோணிகளை அமைத்து, பை 223/71ஐ விடப் பெரியது, 22/7ஐ விடச் சிறியது என்று இரு புறமும் வேலியிட்டு நிறுவினார். வழு எவ்வளவுக்குள் அடங்கும் என்று சொல்ல வல்ல அளவு அது. அதையும் "ஆக்கிமிடிசின் உத்தேசம் 22/7" என்று எழுதுகிறார்கள்.

எங்கள் வளவில் கிணற்று வளையம் வார்த்தபோது, மூன்றடி விட்டத்துக்குக் கம்பி வெட்டிய மேசனார் தம் கையாளிடம், "ஒம்பதடிக்கு மேல அஞ்சங்குலம் கூட விடு மனே, கட்டுறதுக்கு வேற விடணும்" என்றார். மூன்றடியை 3.1416ஆல் பெருக்கினால் ஒன்பதடியும் ஐந்தங்குலத்துக்குச் சற்று மேலும் வரும். கம்பிகள் மேவிக் கட்டப்படும் இடத்தையும் பரிதியையும் அவர் வேறுபிரித்தே பேசினார். அது அண்ணளவு, அவரையும் உத்தேசக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விவிலியத்தின் கதை வேறு. முதலாம் இராசாக்கள் நூலின் ஏழாம் அதிகாரத்தில், சாலொமோனின் ஆலயத்துக்கு வார்க்கப்பட்ட கடல்தொட்டி விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். "விவிலியம் பையை மூன்று என உத்தேசிக்கிறது" என்று ஒரு சாரார் எள்ளுகிறார்கள். மறு சாரார் விளிம்பின் கனத்தைக் கழித்துப் பார்த்து 3.14ஐ வரவழைக்க முயல்கிறார்கள். அங்கே பை என்ற பேச்சே இல்லை. முழுமுழக் கணக்கில் சொல்லப்பட்ட இரண்டு அளவுகள் மட்டுமே உள்ளன. விட்டம் 9.6 முழமாக இருந்திருந்தால் பரிதி 30.16 முழம், கிட்டிய முழுவெண்ணுக்கு எடுத்தால் பத்தும் முப்பதும். இதற்கு நம் பாடநூலில் மட்டந்தட்டல் என்ற சொல் இருக்கிறது. மட்டந்தட்டியதை மட்டந்தட்டியது என்று எழுதிவிட்டால் இரு சாராரின் வழக்கிலும் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டார் தோராயம் என்கிறார்கள். பழகிய சொல், பொருளும் குழம்புவதில்லை. அங்கே அது இருக்கட்டும். ஆனால் அதைப் பிரித்துக் காட்டி ஒரு பிள்ளைக்கு நெருக்கம் என்ற கருத்தை ஊட்ட என்னால் இயலவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை ஏற்றவர். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, கையிலுள்ள நல்ல சொல்லை விட்டுவிட்டு ஆங்கில அகராதியில் முதலாவதாகக் கிடைத்த சொல்லை ஒட்டுவது எனக்கு வலிக்கிறது. வினாத்தாள் "பையின் பெறுமானத்தை 22/7 எனக் கொள்க" என்று நேர்மையாகத்தான் எழுதுகிறது. பிள்ளைகள் "எனக் கொள்க"வை மறந்து 22/7ஐ மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதனால் 22/7க்கும் பைக்கும் நடுவே சமன் குறியை இட்டுவிடுகிறார்கள். அண்ணளவாகச் சமன் என்ற குறியை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லவைத்துத்தான் இதைத் திருத்தி வருகிறேன்.

மொழிபெயர்ப்போர் மனங்கொள்ள வேண்டிய இன்னோர் இடம் இந்தியக் கணிதவியலாளர் பிரமகுப்தர். கி.பி. 628இல் அவர் இரண்டு பெறுமானங்களைத் தருகிறார்: நடைமுறைக்கு 3, நுண்மைக்கு பத்தின் வர்க்கமூலம். பத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.162; ஆக்கிமிடிசின் 22/7ஐ விட அது உண்மையிலிருந்து கூடுதலாக விலகி நிற்கிறது. ஆயினும் அவர் அதைச் சூக்குமம் என்றே அழைத்திருப்பதால், மொழிபெயர்ப்பில் "நுண் பெறுமானம்" என்று அவர் சொல்லையே வைத்து, அது எவ்வளவு அண்ணளவு என்பதை அடுத்த வரியில் நம் சொல்லாக எழுத வேண்டும்.