பைக்பேக்கிங்: சொல் எங்கருந்து வந்துச்சு, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்

பைக்பேக்கிங்னு சொன்னதும் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு புல்லட்டுல லடாக் போறதுதான் ஞாபகம் வரும். அவங்க மேல தப்பே இல்ல, தமிழ்ல பைக்னா மோட்டார் வண்டி, மிதிச்சு ஓட்டுறது சைக்கிள், இத யாரும் மாத்திப் பேச மாட்டாங்க. ஆனா இங்கிலீஷ்ல பைக்ங்கறது பைசைக்கிள சுருக்கி 19ஆம் நூற்றாண்டுலயே வந்த சொல்லு, அதோட முதல் அர்த்தம் சைக்கிள்தான். அதனாலதான் இந்த வார்த்தைய அப்படியே தமிழ் எழுத்துல எழுதி விட்டா பத்தாதுன்னு நான் சொல்றேன்.

அர்த்தம் ரொம்ப சிம்பிள். தூங்க, சமைக்க, மாத்திக்க வேணுங்கறத மட்டும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டு, மண் ரோடு காட்டுப்பாதைன்னு ஓட்டிட்டுப் போயி, ராத்திரி டென்ட் போட்டு படுத்துட்டு, காலைல எழுந்து மறுபடி கிளம்பறது. முதுகுல மூட்டையோட மலைப்பக்கம் நடந்து போறதுக்கு ஏற்கனவே பேக்பேக்கிங்னு பேரு இருந்துச்சு, அதுல முதுக எடுத்துட்டு சைக்கிள வெச்சாங்க. 1973 மே மாச நேஷனல் ஜியாகரஃபிக் இதழ்ல டான் பர்டன் அலாஸ்கா, கனடா வழியா சைக்கிள்ல போனத எழுதின கட்டுரையோட தலைப்புலயே இந்த சொல் இருக்கு. அவரும் மனைவி லிஸ்ஸும், கிரெக் சிப்பிள், ஜூன் சிப்பிள் தம்பதியும் சேர்ந்து 1972ல அலாஸ்கால இருந்து தென் அமெரிக்காவோட தெக்கு முனைக்குக் கிளம்பின பயணம் அது, பர்டன் உடம்பு முடியாம நடுவுலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு, சிப்பிள் தம்பதிதான் 1975ல போய்ச் சேந்தாங்க.

ஆனா ஒண்ணு கவனிக்கணும், அன்னிக்கு அவங்க சாமான் வெச்சது கேரியர்ல, ரெண்டு பக்கமும் தொங்கற பையில. அந்தப் பைக்கு பேனியர்னு பேரு, லத்தீன்ல ரொட்டிக் கூடைங்கற சொல்லு பிரெஞ்சு வழியா வந்தது. இன்னிக்கு பைக்பேக்கிங்னா பெரும்பாலும் கேரியரே இல்லாத வண்டி. கல்லு முள்ளு பாதைல கேரியர் ஆடும், போல்ட் லூசாகும், பக்கத்துல தொங்கற பை பாறைலயும் செடிலயும் இடிக்கும். அதனால பைகள வண்டியோட உடம்பு மேலயே வார் போட்டு இறுக்கிக் கட்டுறாங்க: ஹேண்டில்பார்ல உருட்டிக் கட்டுற பை ஒண்ணு, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல வண்டி சட்டத்துல இருக்கற முக்கோணத்துக்குள்ள ஒண்ணு, சீட்டுக்குப் பின்னாடி நீளமா ஒண்ணு. கனமான சாமான் (தண்ணி, டூல்ஸ், அடுப்பு, சாப்பாடு) முக்கோணத்துக்குள்ள போகணும், ஏன்னா அதுதான் வண்டிக்கு நடுவுலயும் தாழ்வாவும் இருக்கு. ஸ்லீப்பிங் பேக், துணி மாதிரி லேசா ஆனா இடத்த அடைக்கறது முன்னயும் பின்னயும். இத மாத்தி சீட்டுப் பைல கனத்த வெச்சா ஒவ்வொரு மிதிக்கும் அது இடம் வலம்னு ஆடும், இறக்கத்துல பயமா இருக்கும்.

அதாவது சொல்லோட உயிரு பைக்ல இல்ல, பேக்ல இருக்கு. பேக்ங்கறது டச்சு, ஃபிளெமிஷ் பக்கத்துல இருந்து கம்பளி வியாபாரத்தோட இங்கிலீஷுக்கு வந்த சொல்லு, மூட்டைன்னு அர்த்தம். நம்மகிட்ட அதுக்கு நேரா ஒரு சொல் இருக்கு, பொதி. பஞ்சுப் பொதி, பொதி சுமக்கற கழுதைன்னு இன்னும் சொல்றோம், கட்டி எடுத்துட்டுப் போறதுங்கற அர்த்தம் அதுலயே இருக்கு. அதனால எழுத்துல மிதிவண்டிப் பொதிப்பயணம், பேச்சுல சைக்கிள் பொதிப்பயணம், இதுதான் என் முடிவு. சிலர் மிதிவண்டி முகாம்னு எழுதறாங்க, எனக்கு ஒத்துக்கல. முகாம் அரபிலருந்து வந்த சொல்லுங்கறதுக்காக இல்ல, இன்னிக்கு முகாம்னா கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், இலங்கைத் தமிழர்களுக்கோ ராணுவ முகாம், அகதி முகாம்னு பாரமான நினைப்பு. பாசறை பழைய சொல்தான், ஆனா அது படை தங்கற இடம். சைக்கிள் கேம்பிங்க தனியா சொல்லணும்னா கூடாரப் பயணம்னு சொல்லலாம்.

கூடாரம்னதும் தாமஸ் ஹைரம் ஹோல்டிங்க சொல்லாம விட முடியாது. இங்கிலாந்துக்காரர், தொழில் தையல், அதனால சைக்கிள்ல தூக்கிட்டுப் போற அளவுக்கு லேசான கூடாரம் உருவாக்கறதுல ரொம்ப ஆர்வம். 1901ல அவர் ஆரம்பிச்ச சைக்கிள் கேம்பர்ஸ் சங்கம்தான் இன்னிக்கு கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப்.

லேசுங்கறதுக்கும் கணக்கு இருக்கு. பேஸ் வெயிட்னு சொல்வாங்க, சாப்பாடு தண்ணி எரிபொருள் நீங்கலா, வழில குறையாத சாமானோட எடை. நிலை எடைன்னு சொல்லலாம். நடந்து போறவங்க உலகத்துல அது 10 பவுண்டுக்குள்ள, அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள்ள இருந்தா அல்ட்ராலைட். புதுசா வர்றவங்க இதுக்காக காசக் கொட்ட வேணாம், வாட்டர்ப்ரூஃப் பையும் நல்ல வாரும் இருந்தா வீட்டுல இருக்கற எந்த சைக்கிள்லயும் கட்டலாம், கேரியர் இருந்தா அதுலயே கட்டுங்க, யாரும் கேக்கப் போறதில்ல.

ஆரம்பிக்கறவங்களுக்கு இன்னொரு சொல்லும் தெரியணும், எஸ்-24-ஓ (சப்-24-ஹவர் ஓவர்நைட்ங்கறதோட சுருக்கம்). கலிஃபோர்னியால ரிவெண்டெல் சைக்கிள் கம்பெனி நடத்தின கிராண்ட் பீட்டர்சன் வெச்ச பேரு, 24 மணி நேரத்துக்குள்ள முடியற ஒரு ராத்திரிப் பயணம். சாயங்காலம் கிளம்பி பக்கத்துலயே எங்கயாவது தங்கிட்டு மறுநாள் காலைல வீடு. எது தேவ எது வெட்டிச் சுமைன்னு அதுலயே தெரிஞ்சுரும். தமிழ்ல ஓரிரவுப் பயணம்னாலே போதும்.

அமெரிக்கால தலைநகர் வாஷிங்டன் டி.சி. பக்கம் இருக்கறவங்களுக்கு இதுக்குன்னே அமைஞ்ச மாதிரி ஒரு பாதை இருக்கு, பொடோமாக் ஆத்தோரமா ஜார்ஜ்டவுன்ல இருந்து கம்பர்லாண்ட் வரைக்கும் 184.5 மைல், கிட்டத்தட்ட 297 கிலோமீட்டர், சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாயோட கரைப் பாதை. அந்தக் காலத்துல கால்வாய்ல போற படக கோவேறு கழுதைங்க கரைல இழுத்துட்டு நடந்த மண் பாதை அது, அதனால ஏத்தம் ரொம்பக் கம்மி. நடந்தோ சைக்கிள்லயோ வர்றவங்களுக்குன்னு வழி நெடுக இலவச கூடார இடங்கள் இருக்கு, முன்னாடி வர்றவங்களுக்கு இடம், ஒரு இடத்துல ஒரு ராத்திரிதான். குளிர்காலத்துல அங்க இருக்கற கைபம்புகள மூடிருவாங்க, அதனால ஏப்ரல் கடைசிக்கு அப்புறம் போங்க.