காதுக்குள் பதம் பிரித்தல்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆங்கிலச் செய்தித்தாள் வாசித்தால் முக்கால்வாசி புரிகிறது. அதே செய்தியைக் காதால் கேட்டால் கால்வாசிகூடத் தேறவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பழகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா, கைவலிதான் மிச்சமா?" கூடவே தன் நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

தனியாக வாழ்பவர்கள் பெருகிவருவது பற்றிய செய்தி அது. வாசித்தவர் சொன்னது, "வன் இன் எய்ட் அடல்ட்ஸ் லிவ்ஸ் அலோன்". எட்டுப் பேரில் ஒருவர் தனியாக வாழ்கிறார். நோட்டில் இருந்தது: "வன் நைட்", அடுத்து ஒரு வெற்றிடம், கடைசியில் "எ லோன்". ஓர் இரவு, ஒரு கடன். அந்த ஆறு சொற்களில் அவருக்குத் தெரியாதது ஒன்றுகூட இல்லை. அப்படியானால் எங்கே பிசகியது?

அச்சில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருக்கிறது. பேச்சில் அப்படி எதுவும் கிடையாது. ஒலிப்பதிவை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். "லிவ்ஸ்" முடிந்து "அலோன்" தொடங்கும் இடத்தில் ஒலி அறுபடாமல் ஓடும். அதே பதிவில் "பீப்பிள்" என்ற சொல் வந்தால், அதன் நடுவில் உதடு மூடும் கணத்தில் அலை படுத்துவிடும். மௌனம் சொல்லுக்குள் இருக்கிறது, சொற்களுக்கிடையே இல்லை. அந்தக் காலத்து ஓலைச்சுவடியும் இப்படித்தான்: இடம் விடாமல், புள்ளி வைக்காமல் எழுதிய வரிகள். உ.வே.சாமிநாதையர் ஏட்டை வைத்துக்கொண்டு பதம் பிரித்த வேலையை, செய்தி கேட்கும் ஒவ்வொரு காதும் நொடிக்கு இரண்டு மூன்று தடவை செய்தாக வேண்டும்.

தாய்மொழியில் இதை நாம் உணர்வதே இல்லை. எப்படிப் பிரிக்கிறோம் என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் ஆன் கட்லர். ஆஸ்திரேலியாவில் பிறந்து, நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தை நடத்தியவர். 1988-ல் அவரும் டென்னிஸ் நாரிஸும் ஒரு சோதனையின் வழியே காட்டியது இது: ஆங்கிலம் பேசுபவரின் காது, அழுத்தி உச்சரிக்கப்படும் அசை வந்ததும் "இங்கே புதுச் சொல் தொடங்குகிறது" என்று வெட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குவதால் உத்தி பலிக்கிறது. "அலோன்" விதிவிலக்கு, அதில் அழுத்தம் "லோன்" மேல் விழுகிறது. அந்த இடத்தில் வெட்டினால் கிடைப்பது "எ லோன்". நம் வாசகி ஆங்கிலேயரும் இடறக்கூடிய கல்லில்தான் இடறியிருக்கிறார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். "வன் இன் எய்ட் அடல்ட்ஸ்" என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். "வனினெய்டடல்ட்ஸ்" என்று வரும். முதல் சொல்லின் னகர மெய் அடுத்து வரும் இகரத்தில் ஏறிக்கொள்கிறது. அடுத்த னகரம் எகரத்தில் ஏறுகிறது. டகரம் அகரத்தில் ஏறுகிறது. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று நன்னூல் சொல்கிறதே, அதே புணர்ச்சிதான். கடல், ஓரம் இரண்டும் கடலோரம் ஆவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. "நைட்" என்று வாசகிக்குக் கேட்டதற்கும் இதுவே காரணம்: "இன்" சொல்லின் மெய் "எய்ட்" சொல்லோடு போய்விட்டது.

குறுகலும் அப்படியே. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று பள்ளியில் படித்தோம். உயிர் வந்தால் அந்த அரையும் "மெய்விட்டு ஓடும்" என்கிறது நன்னூல். ஆங்கிலத்திலும் "ஆஃப்", "அண்ட்", "ஹாஸ் பீன்" போன்ற சின்னச் சொற்களில் உயிர் தேய்ந்து அடையாளமற்ற ஒரு முனகலாகிவிடும். "அண்ட்" வெறும் "ன்" ஆகிவிடும். ஒரே வேறுபாடு, தமிழ் தன் புணர்ச்சியை எழுத்திலும் காட்டுகிறது. ஆங்கிலம் வாயில் புணர்ந்துவிட்டு, தாளில் பிரித்து எழுதுகிறது. நாமோ ஆங்கிலத்தைத் தாளில் கற்றவர்கள்.

எழுதினால் மட்டும் இது எப்படிச் சரியாகும்? 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, நடுவில் ஓர் ஒலியை அடியோடு வெட்டியெடுத்து, அந்த இடத்தில் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மூளை ஓட்டையைத் தானே அடைத்து, அடைத்த சுவடும் தெரியாமல் பூசிவிடுகிறது. அதனால் நாள் முழுக்கச் செய்தியை ஓடவிட்டுக் கேட்டாலும் எது காதில் விழவில்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை. எழுத உட்கார்ந்தால் பூச்சு உதிர்ந்துவிடும். கை நிற்கும் இடம்தான் ஓட்டை. அந்தச் செய்தியின் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கை நின்ற இடங்கள் பெரும்பாலும் புணர்ச்சியும் குறுகலும் நடந்த இடங்களாகவே இருக்கும்.

ஒப்பிட்ட பிறகு எழுத்தைப் பார்த்தபடியே மீண்டும் கேட்பதைத் தவறவிடக் கூடாது. எழுத்து காதைத் திருத்தும் என்பதற்குச் சான்று உண்டு. 2009-ல் மிட்டரர், மக்குவீன் என்ற ஆய்வாளர்கள் டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலக் காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். ஆங்கிலத் துணையெழுத்தோடு (சப்டைட்டில்) பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பழகிவிட்டது. டச்சுத் துணையெழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்களைக் கேட்கும்போது அந்தத் துணையெழுத்து தடையாகவே இருந்தது.

திருமணம், பிறப்பு விகிதம், முதுமை, தனி வீடு போன்ற சமூகப் போக்குச் செய்திகளை எடுத்துக்கொள்வது நல்ல யோசனை. தென் கொரியாவில் 2023-ல் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 0.72-க்கு இறங்கியது பற்றி எத்தனை செய்திகள் வந்தன! எல்லாவற்றிலும் அதே சொற்கள்தாம் சுற்றிச் சுற்றி வரும். பத்துச் செய்தி எழுதியதும் சொல் தெரியாமல் விடும் வெற்றிடங்கள் தீர்ந்துவிடும். எஞ்சுபவை ஒலியால் விழுந்தவை மட்டுமே. 1959-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி சுமார் 1,500 சொற்களைக் கொண்டு நிறுத்தி நிதானமாக வாசிக்கத் தொடங்கிய எளிய ஆங்கிலச் செய்திகள் ஆரம்பத்துக்கு உதவும். அதிலேயே தங்கிவிட வேண்டாம். நிதானமாக வாசித்தால் புணர்ச்சி அவிழ்ந்துவிடுகிறது, நமக்கு வேண்டியது புணர்ச்சிதான்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெலுங்கு பேசுபவர்களின் காது ஜப்பானியர்களைப் போல மாத்திரைக் கணக்கில் பிரிக்கிறது என்று 2007-ல் கட்லர் குழுவினர் காட்டினார்கள். மாத்திரையை இலக்கணத்தில் எண்ணிவைத்த தமிழின் காது எப்படிப் பிரிக்கிறது என்பதை நம் பல்கலைக்கழகங்கள், நம் பணத்தில், நம் பிள்ளைகளைக் கொண்டு ஆராய வேண்டும். தேவைப்படுவது ஒலி புகாத ஓர் அறையும் சில கணினிகளும்தான். "முப்பது நாளில் ஆங்கிலம்" விளம்பரங்களுக்குப் பெற்றோர் கொட்டும் பணத்தில் துளியளவு போதும்.

வாசகி கடைசியாக, வெற்றிடத்தில் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அரை நிமிடச் செய்தி, மூன்று தடவை கேளுங்கள். புரியாத இடத்தில் ஆங்கிலச் சொல்லை ஊகித்துப் போடாதீர்கள். காதில் விழுந்த ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுங்கள். "வனினெய்டடல்ட்ஸ்" என்று தாளில் வந்துவிட்டால், பிறகு அதைப் பதம் பிரிப்பது உங்களுக்குப் பழகிய வேலைதான்.